கடன் நோட்டு

உசிபா மீன் கடன் வாங்கியோர் நோட்டில்
ஒரு பெயர் மட்டும் பொய்.
தலாண்டிரா, இரண்டு வாளி, பாக்கி.
பக்கத்தில் ஒரு தேதி.

அந்தத் தேதியில் சியோனெ
மீன் காயும் பரணுக்குப் பின்னால் குந்தி
இடுப்புத் துணியைத் தொடைவரை ஒதுக்கி
கட்டைவிரலளவு மருந்துக் குமிழை
நர்ஸ் காட்டித் தந்தபடி அமுக்குவாள்,
மெதுவாக, ஏழு எண்ணும்வரை.
ஈக்களுக்கு மட்டும் தெரியும்.

முதல் ஊசிக்குப் பின்
பன்னிரண்டு நாள் தூரம் நிற்கவில்லை.
அப்புறம் வரவே இல்லை.
பயந்து ஓடினாள் மருத்துவமனைக்கு.
"சிலருக்கு இப்படித்தான்" என்றாள் நர்ஸ்,
வேறு வழிகளும் சொன்னாள்.
சியோனெ ஊசியையே கேட்டாள்.

நான்கு பிள்ளைகள். கடைக்குட்டி
இப்போதுதான் தானே செருப்பு மாட்டுகிறான்,
இடம் வலம் மாற்றி.

நேற்றிரவு மாவுத்தோ நோட்டைப் புரட்டினான்.
மலாவி ஏரியில் படகு விளக்குகள்
ஒவ்வொன்றாய் நகர்ந்துகொண்டிருந்தன.
"யாரிவள்? பாக்கி தீர்வதே இல்லையே?"
"மூணு மாசத்துக்கொரு தரம் வருவாள்.
நாணயமானவள்."

வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தான்.
பிறகு பென்சிலைத் தேடியெடுத்து
தேதியின் கீழ்
ஒரு கோடு இழுத்தான், அழுத்தமாக.

"மறந்துவிடப் போகிறாள்.
ஞாபகப்படுத்து."