ஜனவரி ஒன்றில் பிறந்தவள்

பீல் நகரத்தில், ரயில் பாதைக்கு அப்பால்,
டயர் களஞ்சியத்தின் மேல்மாடியில்
ஞாயிறு மட்டும் வாடகைக்கு எடுத்த மண்டபம்.
ரப்பர் மணமும் மல்லிகைச் சென்ட் மணமும்
ஒன்றையொன்று மன்னிக்காமல் நின்றன.

வாசலில் ஒரு பெடியன் துண்டு தந்தான்.
பெயர். பிறந்த திகதி. தொலைபேசி. வேண்டுதல்.
"வடிவா எழுதுங்கோ அக்கா, ஐயா ஜெபிக்கிறதுக்கு."
வடிவாகத்தான் எழுதினேன்:
சிவகலா. ஜனவரி ஒன்று.
கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன,
கிழமையில் மூன்று நாள் இயந்திரத்தோடு.

லண்டனிலிருந்து வந்தவருக்கு
வெள்ளைக் கோட்டு, வெள்ளைச் சப்பாத்து,
ஒரு காதில் மட்டும்
கடலைப்பருப்பு அளவில் ஏதோ.
பார்த்தேன். பார்க்காதவள்போல் இருந்தேன்.
நம்பவென்றே வந்தவளுக்குக் கண் எதற்கு?

கைப்பையில் கடித உறை, ஆயிரத்து இருநூறு பிராங்க்,
மருத்துவக் காப்புறுதிக்கு வைத்த காசு.
"விதையுங்கோ" என்று
முதல் நாளே வட்ஸ்அப்பில் குரல் வந்திருந்தது.

பாட்டு நின்றது. அவர் கண்ணை மூடினார்.
"இங்கே ஒரு சகோதரி. சிவ... சிவகலா.
கர்த்தர் சொல்லுகிறார் மகளே,
தாய் உன்னைச் சுமக்க முன்னமே
இந்தப் பெயர் எனக்குத் தெரியும்."

மண்டபம் அல்லேலூயா என்று எழும்பியது.
என் முழங்காலும் எழும்பியது, அதை மறைக்கமாட்டேன்.
கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது.
அதற்குப் பிறகுதான்
அந்தப் பெயர் மீன்முள்ளாய்த்
தொண்டையில் குறுக்கே நின்றது.

சிவகலா யார்?
கொழும்பில் ஏஜென்ட் தந்த கடவுச்சீட்டில்
மூக்குத்தி போட்ட ஒருத்தி.
நெற்றி கொஞ்சம் என்னைப்போல.
அவளுக்கு என்ன நடந்ததென்று நான் கேட்கவில்லை.
அவள் பெயரில் அகதி விண்ணப்பம்,
அவள் பெயரில் முதியோர் இல்லத்துச் சலவை வேலை,
சம்பளம், வரி, பல்வைத்தியர்,
இருபத்திரண்டு வருடம்.

பாஷையூரில், தலையில் தண்ணீர் ஊற்றிச்
சுவாமியார் வைத்த பெயர் எமரென்சியா.
பிறந்தது ஆவணியில்,
கிணறு வற்றிக் கிடந்த ஒரு புதன்கிழமை.
கடவுளுக்கு இது தெரியாதா?
ஏஜென்டிடம் கேட்டா என்னைத் தேடி வந்தார்?

நேர்மையான ஒருத்தி என்றால்
அந்த இடத்தில் ஏமாந்திருப்பாள்.
என் பொய்தான் அவர் பொய்யை அடையாளம் கண்டது.
பாம்பின் கால் பாம்பறியும்.
பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை.

"வாங்கோ சிவகலா, முன்னுக்கு வாங்கோ."
மைக் என் வாய்க்கு நேரே.
"ஐயா, அது பேப்பரில மட்டும் இருக்கிற பெயர்.
என்னைப் படைச்சவர் வேற பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.
அவரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ, நான் நிக்கிறன்."

அவர் காதைத் தொட்டார்.
வாசல் பெடியன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.
ஹீட்டர் இரைந்தது.
பிறகு கீபோர்ட் உச்சத்தில் தொடங்கியது.
"சாத்தான்ர இடையூறு" என்றது பின்னால் ஒரு குரல்.

மூன்றாம் வரிசையில் ரெஜினோல்டின் மனைவி
தன் உறையை மெல்ல
மடிக்குக் கீழே இழுத்ததைக் கண்டேன்.
மற்றவர்கள் போட்டார்கள்.

வீட்டில் அவர், முழங்கையில் நேற்றைய பஞ்சோடு:
"என்னவாம் கடவுள்?"
"என்ர பேர் தெரியாதாம்."
சிரித்தார், இருமினார்.
"எமி, கொஞ்சம் தண்ணி.
அரைக் கோப்பைக்கு மேல வேண்டாம்."
அளந்து கொடுத்தேன்.

இரவு, சமையலறை மேசையில்
குடிவரவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம்.
மதிப்புக்குரியவர்களே, என்று ஜெர்மனில்.
வேலை போகலாம். விசா போகலாம்.
அந்த இயந்திரம்கூட.
நான்கு வரி வந்தது. எழுத்துப் பிழையும் இருக்கும்.
கடைசியில், தாளின் அடியில்,
பேனை தூக்கியபடி இருக்கிறேன்:
கையெழுத்து
எந்தப் பெயரில்?