பதிவில் சேராதது

கெமரால்த்திச் சந்தையில், கத்திக்குச் சாணை பிடிக்கும் கடைக்கும்
மணப்பெண் முக்காடு விற்கும் கடைக்கும் நடுவே
ராகிப்பின் பறவைக் கடை.
"முதல் கிளியா?" என்றான்.
நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது போலும்.

மேல்தட்டில் வெள்ளைக் கொண்டைக்காரன் ஒருவன்
என் காதணியை விலை மதித்துக்கொண்டிருந்தான்.
அவன்தான் வேண்டும் என்றேன்.
"இரண்டு சோபா தின்றவன். மூன்று வீடு பார்த்துவிட்டான்.
உங்கள் மாடியில் யார்?"
மாடியில் வெதாத்.
சுவர்க்கடிகாரம் மணி அடித்தாலே
செருப்பால் தரையைத் தட்டுகிறவர்.
"அப்படியென்றால் வேண்டாம்."

அடுத்தது சாம்பல் கிளி, சிவப்பு வால்.
"கேட்கக்கூடாதுதான் பெல்கிஸ் ஹனும், உங்கள் வயது?"
ஐம்பத்தெட்டு.
"இதற்கு நான்கு. இன்னும் நாற்பது வருடம் இருக்கும்.
உங்களுக்குப் பின் யார்?"
கொலை வழக்கில்கூட
இவ்வளவு நேராக யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

வீட்டில் ஒட்டாத வாணலி உண்டா?
உண்டு.
தூக்கிப் போடுங்கள், அது அதிகமாய்ச் சூடேறினால் வரும் புகையே போதும்.
ஜன்னலுக்கு வலை?
இல்லை.
ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வீட்டில்?
ஆறு மணிக் கப்பல். ஏழுக்குக் கதவு. பதினொன்றுக்கு விளக்கு.
அந்தக் காலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இத்தனை கேட்கவில்லை.

பிறகு கேட்டான்:
"என்ன பேசச் சொல்லித்தரப் போகிறீர்கள்?"

ஒன்றும் வேண்டாம் என்றேன்.

முப்பத்தொரு வருடம் நான் நீதிமன்ற எழுத்தர்.
சாட்சி அழுவார்.
நீதிபதி சுருக்கிச் சொல்வார்.
நான் தட்டுவேன்: "சாட்சி மேலும் கூறியதாவது."
அழுகைக்கு விசை கிடையாது.
சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை
அந்த வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது தம்பி,
கண்ணாடி போட்டது,
மாலையானால் கால் வீங்குவது.

அவன் சிரிக்கவில்லை.
சுல்தான் கிளியைக் காட்டினான். கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு.
நல்ல குணம், சீட்டியடிக்கும்,
முகப்பவுடர் போலத் தூசி உதிரும்.
எனக்கு மூச்சிரைப்பு.

கடைசியாகக் கீழ்த்தட்டு.
உள்ளங்கைக்குள் அடங்குகிற இந்தச் சின்னதுக்கு
எங்கள் ஊரில் முகப்பெத் பறவை என்று பெயர்.
முகப்பெத் என்றால் மனம்விட்டுப் பேசுவது.
அன்பு என்றும் சொல்வார்கள்,
இரண்டையும் பிரிக்க யாரும் மெனக்கெட்டதில்லை.

"மூக்குத்தோல் நீலமானால் ஆண், பேசும்.
பழுப்பானால் பெண். அவ்வளவாகப் பேசாது, கடிக்கும்.
பெண்ணை யாரும் கேட்பதில்லை,
அதனால் விலையும் குறைவு."
சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.
"நான் வைத்த விலை இல்லை, ஹனும்."

பழுப்பு மூக்குக்காரி
தினைக்கதிரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்,
அவசரமே இல்லாமல்,
மேல்முறையீட்டில் தள்ளுபடியான தீர்ப்பைக் கிழிப்பது போல.

கப்பலில் மடிமேல் துளையிட்ட அட்டைப்பெட்டி.
ஒரு கடித உறையின் எடை.
கடற்காக்கைகள் கூடவே வந்தன,
பக்கத்தில் இருந்தவரின் ரொட்டிக்காக.

வாணலியைப் போட்டுவிட்டேன்.
இரும்புச் சட்டியில் முட்டை ஒட்டுகிறது.
ஜன்னலுக்கு வலை அடித்த சத்தத்துக்கு
வெதாத் செருப்பால் பதில் சொன்னார்.

அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
இரவுகளில் சொல்கிறேன்:
அந்தப் பையனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
அவன் அம்மா புதுச் செருப்பு போட்டு வந்திருந்தாள், கடித்திருக்க வேண்டும்,
ஆயுள் என்றபோது
குனிந்து குதிகாலைத் தேய்த்தாள்.

அவள் தினை பிய்க்கிறாள்.
எதையும் திருப்பிச் சொல்வதில்லை.

பத்தொன்பதாம் நாள் கூண்டுக்குள் விரலை நீட்டினேன்.
ராகிப் பொய் சொல்லவில்லை.
இடது நடுவிரல், நகத்தோரம், ரத்தம்.

மறுநாள் கட்டுப்போட்ட விரல் தட்ட மறுத்தது.
இரண்டு சாட்சியம், ஒரு ஒத்திவைப்பு,
எல்லாவற்றிலும் ஒரே எழுத்து காணவில்லை.
"படியுங்கள்" என்றார் நீதிபதி.
எழுந்து நின்று படித்தேன்,
அந்த எழுத்து அங்கே இருப்பது போலவே.