நாற்பத்தைந்தாவது நாள்

லாரிக்காரன் எண்பது வெள்ளி கேட்கிறான், எதற்கு?
என்றான் இன்பசேகர்.
இது இருக்கே.

இது என்றால் மிட்ஜெட்.
இரண்டே இருக்கை, மடிகிற கூரை.
எழுபத்திரண்டில் பிறந்தது, எனக்கு மூத்தது.
என் தோளுக்கு எட்டாது.
பழைய கார் என்பதால்
வருஷத்தில் நாற்பத்தைந்து நாள்தான் சாலையைப் பார்க்கலாம்.
மற்ற நாளெல்லாம்
தோ பாயோ கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் மாடியில்
போர்த்திக்கொண்டு தூங்கும்.
அந்தப் போர்வை இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது.
எங்கள் கட்டிலுக்கானதை
தேக்காவில் பேரம் பேசி வாங்கினோம்.

ஓட்டுகிற நாள்களை
நாட்காட்டியில் பென்சிலால் வட்டமிடுவான்.
என் பிறந்தநாளில் ஒருமுறையும் வட்டம் விழுந்ததில்லை.
இன்று விழுந்திருக்கிறது.
இந்த வருஷத்தின் கடைசி வட்டம்.

முதல் நடையில் இஸ்திரிப் பலகை போனது,
சுறாவின் துடுப்பு மாதிரி வெயிலைக் கிழித்துக்கொண்டு.
அடுத்து பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆறு, ஒன்றின் மடியில் ஒன்று,
உச்சியில் ரைஸ் குக்கர்.
சிக்னலில் நின்ற டாக்சிக்காரர்
கைப்பேசியை எடுத்துவிட்டாராம்.

பிறகு கிரைண்டர்.
இரண்டு பேரும் தம் கட்டித் தூக்கி வைத்தோம்.
அதற்கு சீட் பெல்ட் போட்டுவிட்டான்.
கார் இடப்பக்கம் சாய்ந்தது.
நான் உட்கார்ந்து இப்படிச் சாய்ந்ததில்லையே என்றேன்.
நீ உட்கார்ந்ததே நாலு தடவை என்றான்.
கணக்கு சரிதான்.

சாமான் ஏறினால் ஆளுக்கு இடமில்லை.
மெத்தையைச் சுருட்டி
ரஃபியா கயிற்றால் இறுக்கிக் கொடுத்துவிட்டு
பாசிர் ரிஸ்ஸுக்கு 88 எடுத்தேன்.
பாதி வழியில் மழை.
சாதாரண மழையில்லை, நவம்பர் மழை.
மெத்தை நிமிர்ந்து நிற்கும், கூரையை மூட முடியாது.
போச்சு என்று முடிவுகட்டி
புது மெத்தைக்கு விலை தேடத் தொடங்கினேன்.

புளோக்கின் அடியில் காத்திருந்தேன்.
வந்தான்.
முடியிலிருந்து மூக்கு வழியே ஒழுகிக்கொண்டு.
தோல் இருக்கை மழையைக் குடிக்கிறது,
காலடியில் குளம்,
ரேடியோ இருந்த ஓட்டையில்கூடத் தண்ணீர்.
பக்கத்தில் மாப்பிள்ளை போல
மெத்தை,
இங்கிலாந்துப் போர்வைக்குள்.
கையை நுழைத்துப் பார்த்தேன்.
சொட்டு ஈரமில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மின்தூக்கி வர நேரமானது.

ராத்திரி அரிசியும் உளுந்தும் ஊறப்போட்ட பிறகுதான் பார்க்கிறேன்,
கிரைண்டரில் குழவி இல்லை.
போன் போட்டேன்.
சீட்டுக்கடியில் உருண்டு கிடக்கு என்றான்,
நாள் தீர்ந்துபோச்சு,
ஜனவரியில கொண்டுவர்றேன்.

பஸ்ஸில் எடுத்து வரலாமே என்று
நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

உளுந்தை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு
ஊறிய அரிசியைச் சோறாக வடித்தேன்.
குழைந்துதான் போனது.
சாப்பிட்டேன்.