நட்சத்திரக் குறியிட்ட கட்டம்

பதவி உயர்வுப் படிவம் நள்ளிரவோடு மூடுகிறது.
மணி பதினொன்றேகால்.
மத்திகெரெயில் மின்சாரம் போய்வந்ததில்
எல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து:
பெயர், பிறந்த தேதி, பதினாறு வருடங்கள்,
வருடத்துக்கு ஒரு கட்டம்.

2009, மூன்று கட்டுரை. 2010, இரண்டு.
2011, ஐந்து.
அந்த வருடம் நான் தூங்கவில்லை,
ஆய்வகத்தில் யாரையும் தூங்கவிடவுமில்லை.
2013-க்குப் பூஜ்யம் என்று தட்டினால்
கட்டம் சிவந்து சீறுகிறது:
சரியான எண்ணை உள்ளிடவும்.

நிர்வாகப் பிரிவு சசிகலாவை எழுப்பினேன்.
பாவம், காலையிலிருந்து முப்பது பேருக்கு
இதையே சொல்லியிருப்பாள்.
"ஜீரோ எடுக்காது மேடம். ஒண்ணு போட்டுடுங்க.
யாரு பாக்கப் போறாங்க?"

2013-இல் நடந்தது இது.
ஏரிச்சேற்றில் ஈயம் அளந்த
என் 2011 கட்டுரையின் அட்டவணைமேல்
விரல் வைத்து ஸோதன்புயி கேட்டாள்,
சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாதவள்:
"வெற்றுக் குப்பியின் அளவைக் கழித்தீர்களா?"

கழிக்கவில்லை.
நான் கண்டுபிடித்த ஈயத்தில் பாதி
எங்கள் அமிலப் புட்டியின் ஈயம்.

பதினோரு மாதம்.
அதே ஏரி, அதே ஓட்டைப் பரிசல்,
முழங்கைவரை நுரை,
நூற்று நாற்பது குப்பிகள்.
கடைசியில் இதழுக்கு நான்கு வரி:
நான் எழுதியது தவறு, திரும்பப் பெறுகிறேன்.
நடுவர்கள் ஒரு சொல்லும் மாற்றச் சொல்லாத
என் ஒரே எழுத்து.
அதற்குக் கட்டம் இல்லை.

ஓரத்தில் கணினி தானே கூட்டிவைத்திருக்கிறது:
ஹெச்-இண்டெக்ஸ் பதினேழு.
பதவிக்கும் பதினேழுதான் வேண்டும்.
முட்டுக்கொடுத்து நிற்பது யாரென்று பார்த்தால்
அந்தக் கட்டுரை.
செத்த பிறகும் இருநூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்.
போன மாதம்கூட லக்னோவிலிருந்து யாரோ
"முன்னோடி ஆய்வு" என்கிறார்.
அதை உருவினால் பதினாறு.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
2013-க்கு எதிரே
மைனஸ் ஒன்று என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது! பச்சை டிக்.
மொத்தம் நாற்பத்தொன்று
நாற்பதாக இறங்கியது.

சசிகலாவின் குறுஞ்செய்தி: "ஆய்த்தா மேடம்?"

ஹெச்-இண்டெக்ஸ் கட்டத்தில் மட்டும்
கை வைக்க முடியவில்லை.
அது அவர்களே நிரப்புவது.
கீழே குறிப்புகளுக்கு இருநூறு எழுத்து இடம் இருந்தது.
கழிக்க வேண்டிய குப்பியின் எண்ணை எழுதினேன்.
மின்விசிறி நின்றது. இன்வெர்ட்டர்
இரண்டு முறை கூவியது.
அனுப்பு.