அரிதானவை

மின்னஞ்சல் வந்தபோது
ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
காலை ஐந்தரை. டண்டினோங்கில்
ஆடி மாதம் என்றால் மாரி;
கார்க் கண்ணாடிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள் கோழித் தொழிற்சாலை ஓவியங்களைப் பார்த்தோம்.
அவற்றில் உண்மை இருக்கிறது."
உண்மைக்கு நாற்பதாயிரம் டொலர்.
பாதி இப்போது, பாதி விற்ற பிறகு.

வேண்டியது அதிகமில்லை.
முகங்களைக் கழற்றித் தரவேண்டும்.
கண் ஒரு அடுக்கு, மூக்கு ஒரு அடுக்கு,
வலைத்தொப்பி, காதடைப்பான், தூக்கம்
எல்லாம் தனித்தனியாக.
மிச்சத்தை மெஷின் கலக்கும்.
எட்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டுத் தொழிலாளர்கள்
ஒருவரைப்போல் ஒருவர் இல்லாமல்,
ஒருவர்கூட வேலைக்கு வராமல்.

கூடவே ஒரு அட்டவணை.
முழுக் கை: சாதாரணம்.
பிளாஸ்டர் ஒட்டிய கை: நூற்றுக்கு ஏழு.
முடிச்சுப் போட்ட கையுறை: நூற்றுக்கு அரை.
மிக அரிது என்று எழுதி
பக்கத்தில் ஒரு நெருப்புப் படம்.

அந்தக் கையுறை சாந்தரூபியுடையது.
சுட்டுவிரல் இல்லாத இடத்தில்
ரப்பர் தொங்கி பெல்டில் சிக்காமலிருக்க
சுப்பர்வைசர் பார்க்காதபோது
பல்லால் கடித்து ஒரு முடிச்சுப் போடுவாள்.
பதினொரு முறை வரைந்திருக்கிறேன்.
ஒரு முறையும் அவளிடம் கேட்டதில்லை.

டிலக்சனைப் பற்றியும் சொல்லவேண்டும்.
எலும்பு நீக்கும் வரிசையில் எனக்கு எதிரே நிற்பவன்.
கார் வாங்க வைத்திருந்த ஆறாயிரத்துக்கு
போன வருடம்
கண்ணாடி போட்ட ஒரு ஆந்தையை வாங்கினான்.
ஆந்தை இன்னும் அவன் போனில் இருக்கிறது.
விற்றவர்கள்தான் ஒரு வெள்ளிக்கிழமை காணாமல் போனார்கள்.
இப்போதும் எங்களோடு பஸ்ஸில்தான் வருகிறான்.
மின்னஞ்சலைக் காட்டினேன்.
இரண்டு தரிப்பிடம் தாண்டும்வரை வாசித்தான்.
"பேர் வேற. லோகோ வேற.
கதைக்கிற விதம் அதேதான்" என்றான்.
பிறகு, "எண்டாலும் உனக்குக் காசு தருவாங்கள்தானே."

என் கணக்கு இது:
வாடகை இரண்டு கிழமை பாக்கி.
அக்காவின் விசா வழக்கறிஞருக்கு
ஒரு கடிதம் அறுநூற்றைம்பது.
கடைவாயில் ஒரு பல்,
அதை நாக்கால் மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.

வியாழன் இடைவேளையில் அவளிடம் சொல்லிவிட்டேன்.
மைக்ரோவேவ் நிற்கும்வரை ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "முடிச்சுக்கு மட்டும் எவ்வளவு?"
கணக்குப் பார்த்துச் சொன்னேன்.
சிரித்ததில் சோறு மேசையில் தெறித்தது.
"விரலுக்குக் கம்பனி தந்ததே இதைவிடக் குறைவு.
வித்துப்போடு பிள்ளை. பாதி எனக்கு."

பெட்டியை மூடிக்கொண்டே கேட்டாள்:
"வாங்கிறவை அதை வைச்சு என்ன செய்வினம்?"
"தங்கட முகத்துக்குப் பதிலாப் போடுவினம்."
"என்ர கையையோ?"

அந்தக் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனாள்.
இரண்டு வருடத்தில்
அவள் அதை ஒளித்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு, சோதனைக்கென்று ஒரு அடுக்கைப் பிரித்தேன்.
மணிக்கட்டோடு வெட்டி
வெறும் திரையில் வைத்ததும்
அது யாருடைய கையும் இல்லை.
வலிகூட அழகாக இருந்தது.
அவர்கள் கேட்டது இதைத்தான்;
எனக்கு இது நன்றாக வருகிறது என்பதுதான்
என்னைக் கதிரையிலிருந்து எழுப்பியது.
கோப்பை மூடினேன்.
அழிக்கவில்லை.
பதில் எழுதும் கட்டத்தில்
"வணக்கம்" மட்டும் நிற்கிறது.

திங்கள் இரவு கையுறைப் பெட்டியடியில்
எனக்கு முதுகு காட்டி நின்றாள்.
"அனுப்பிட்டியோ?"
"இன்னும் இல்லை."
"அப்ப என்ர பாதி?"
சிரிக்கிறாளா என்று முகம் தெரியவில்லை.
ரப்பரைக் கடித்து இழுக்கும் சத்தம்.
சைரன் அடித்தது.
பெல்ட் ஓடத் தொடங்கியது.