ஒரே வரியில்

தூன் நகர மைதானத்துப் பின்னறை. ஈரத் துவாய் வாசம்.
உளவியல் நிபுணர் சுர்புகென்
ஆளுக்கொரு மஞ்சள் துண்டுத்தாள் தந்தார்:
"போட்டிக்கு முன் உள்ளே என்ன நடக்கிறது?
ஒரே வரி. எதைப்போல இருக்கிறது என்று எழுதுங்கள்."

மூடி போட்டுக் காயும் பால், என்றாள் செரைனா.
அவள் அப்பாவிடம் பதினேழு மாடுகள்.
ஃபதுமோ எழுதியது:
கதவு தட்டப்படுமுன் கேட்கிற காலடி.
மேலே யாரும் அவளைக் கேட்கவில்லை.
உயரம் தாண்டும் நோயெமி "ஒன்றுமில்லை" என்று எழுதி
மூன்று முறை அடிக்கோடிட்டாள்.

நான்: வயிற்றில் புளி கரைக்கிறது.

ஜெர்மனில் அது சமையல் குறிப்பாகிப் போனது.
"புளிப்பா? நெஞ்செரிச்சலா?
காலையில் என்ன சாப்பிட்டாய்?"
அக்கறையாகத்தான் கேட்டார்,
பையைத் துழாவி வெள்ளை மாத்திரைகூட நீட்டினார்.

எப்படிச் சொல்வேன்,
வெந்நீரில் ஊறியதை ஐந்து விரல்கள்
தேடித்தேடிப் பிசைவதை,
கொட்டை தனி, நார் தனி என்று பிரித்து
மிச்சத்தையெல்லாம் கலக்கிவிடுவதை,
அந்தக் கை யாருடையதென்று தெரியாததை.

அழைத்தார்கள். நானூறு மீட்டர் தடை ஓட்டம்.
எட்டாவது பாதை:
எல்லாருக்கும் முன்னால் நின்று
யாரையும் பார்க்காமல் ஓடவேண்டிய இடம்.
ஒலிபெருக்கி என் பெயரை மூன்றாக உடைத்து
நடுத்துண்டைத் தொலைத்தது.
நீசென் மலை முகிலுக்குள் இடுப்புவரை.
துப்பாக்கி.

ஓடும்போது உவமை கிடையாது.
எண்தான். பதினைந்து, தாண்டு. பதினைந்து, தாண்டு.
ஏழாவதற்குப் பதினாறாகிக் கால் மாறியது.
எட்டில் முழங்கால் கட்டையை இடித்தது.
பிறகு வருகிறேன் என்று சொல்லிப் போனது வலி.

ஐந்தாம் இடம்.
புல்லில் மல்லாந்து கிடந்தேன்.
ஃபதுமோ தண்ணீரோடு வந்து குந்தினாள்.
"புளி என்றால்?"
"ஒரு பழம்."
"கரைத்த பிறகு என்ன ஆகும்?"
ஜெர்மனில் தேடினேன், மூச்சு வாங்கியது.
"குழம்பு," என்றேன் தமிழிலேயே.
அவளும் சொல்லிப் பார்த்தாள், ழகரம் வழுக்க: குலம்பு.
சிரிக்கவில்லை.

அவளுடைய எண்ணூறு மீட்டருக்கு
இன்னும் இருபது நிமிடம் இருந்தது.
சப்பாத்து நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தவள்
சட்டெனக் கை நிறுத்தித் திரும்பி,
வெயில் மட்டுமே நின்ற புல்வெளியில்
ஒரு கதவைப் பார்த்தாள்.