சில நேரம் மட்டும்

"மாசியில இருந்துங்க. எப்பவும் இல்லீங்க,
சில நேரம் மட்டும்" என்றார் தங்கநாயகி.
மெக்கானிக் காதுக்கு
இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

உடைந்தது உடைந்தே இருந்தால் கும்பிடுவேன்.
ஒழுகுவது ஒழுகட்டும், விரலை வைத்துப் பார்க்கலாம்.
இது, நொய்யல் பாலத்தில் கல்லாகிப் போன ஸ்டியரிங்,
வீரபாண்டி பிரிவில் என் கடைக்குள் நுழைகையில்
சுண்டு விரலுக்கே சுற்றுகிறது.

இரண்டாயிரத்து மூன்று மாடல் குவாலிஸ்.
பல்லடம் ரோட்டில் நாலு தடவை நானே ஓட்டினேன்,
ஒடித்து, வளைத்து, லைசென்சுக்குப் போல எட்டுப் போட்டு.
ஒன்றுமில்லை.
"பொய் சொல்றேன்னு நெனைக்கறீங்களா?"
நினைத்தேன்.
பொம்பளை கைக்குக் கனமாத்தான் தெரியும் என்று
வாய்வரை வந்ததை
டீயோடு விழுங்கினேன்.

பெல்ட்டை இறுக்கினேன். திரும்பி வந்தார்.
பெல்ட்டை மாற்றினேன்.
பழைய ஆயிலை ஊசியால் உறிஞ்சி,
டப்பா அடியில் ஒரு விரற்கடை விட்டுவிட்டு
(யார் அதற்காகக் கழற்றுவது)
புதுசு ஊற்றி, முன்சக்கரம் தூக்கி,
கடைசிவரை இடது, கடைசிவரை வலது,
குமிழி அடங்கும்மட்டும் திருப்பினோம் நானும் ஜோகேஷும்.
பத்து நாள் ஓடியது.
பதினோராம் நாள் ஊத்துக்குளி ரயில்வே கேட்டில்
பின்னால் அத்தனை வண்டியும் ஆரன் அடிக்க
முரட்டு மாட்டைத் திருப்புவதுபோல்
இரண்டு கையாலும் திருப்பினாராம்.
பம்ப் போயிருக்கும் என்றேன்.
அந்த 'போயிருக்கும்' ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்.

அதற்கும் அடங்காதபோது ஒரு நோட்டோடு வந்தார்.
பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர்,
ஆயிரம் பீசில் ஊசி தவறிய ஒன்றைப் பிடிக்கிற கண்.
தேதி, இடம், ஏசி உண்டா, வண்டியில் எத்தனை பேர்,
எவ்வளவு நேரம் ஓடிய பிறகு,
ஆஃப் செய்து எடுத்தால் எப்படி.
ஒரு மாசம். பதினான்கு வரி.

மழைக்குப் பொருந்தவில்லை,
வெயிலுக்கும் பாரத்துக்கும் பொருந்தவில்லை.
கடைசிக் கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழ்வரை
ஆஃப் செய்து எடுத்தால் சரி
ஆஃப் செய்து எடுத்தால் சரி.

நான் ஒவ்வொரு முறையும் முதலில் செய்தது
நின்ற வண்டியை எடுத்ததுதான்.

ஓடும்போது பம்ப் உறிஞ்சும். நின்றால் விட்டுவிடும்.
உறிஞ்சும்போது வந்து வாயை அடைத்து
விட்டதும் விலகிப் போகிற ஒன்று
அந்த டப்பாவுக்குள்தான் குடியிருக்க வேண்டும்.

கழற்றினேன்.
நான் விட்டுவைத்த ஒரு விரற்கடையை
டிரேயில் கவிழ்த்தேன்.
சளக்கென்று விழுந்தது
தபால்தலை அளவில் ஒரு துணித்துண்டு.

தங்கநாயகிதான் எடுத்தார். பெட்ரோலில் அலசி
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே இழுத்தார்.
"பிக்கே. இருநூத்தி இருபது ஜிஎஸ்எம். ஆரஞ்சு.
எங்க ஆர்டர்தானுங்க. போன தை.
கலர் ஒத்து வரலைன்னு
மொத்தமா வேஸ்ட்டுக்குத் தள்ளுனாங்க."

கடை மூலையில் வேஸ்ட் மூட்டை
வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.
கை துடைக்க, ஸ்பேனர் துடைக்க,
டப்பா மூடி துடைக்க, கிலோக்கணக்கில் வாங்குவது.
தை கடைசியில்தான் அவர் முதல் முதல் வந்தார்,
ஆயில் குறையுதான்னு சித்த பாருங்க என்று.
பார்த்தேன். ஊற்றினேன். துடைத்தேன்.

மூட்டையை அவரும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
ஆர்டர் ஃபைலில் சாம்பிள் குத்துவதுபோல
பதினைந்தாம் வரியில் அந்தத் துண்டை வைத்துப்
பின் அடித்தார்.

கல்லாவில் இருந்ததை எண்ணி நீட்டினேன்.
பம்ப் காசை எடுத்துக்கொண்டு
பெல்ட் காசைத் திருப்பி வைத்தார்:
"அது தேஞ்சுதான் இருந்துச்சு."
பிறகு வண்டியில் ஏறப் போனவர் நின்று,
"அந்தப் பழைய பம்ப் எங்கீங்க?"

நல்ல பம்ப் அது.
காயலான் கடையில் எடைக்குப் போட்டு ஒரு மாசம்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.
சொன்னேன்.